வேகமாக நகரும் பொருளைப் பெரோவ்ஸ்கைட் ஒளியுணரி தவறவிடும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஈயமும் அயோடின், புரோமின் போன்ற ஹாலஜன்களும் சேர்ந்த படிகப் பொருளான ஈய ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டால் ஆன ஒளியுணரியை வைத்து வேகமாக நகரும் பொருளைக் கண்டறிய முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே முறையீட்டுடன்தான் வருகிறார்கள்: ஒளி பட்டால் மின்னோட்டம் வருகிறது, பொருள் மெதுவாகச் சென்றால் தெரிகிறது, வேகமாகச் சென்றால் தெரிவதில்லை. உடனே பழி படிகத்தின் மீது விழுகிறது. 2014ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் யாங் யாங் குழுவினர், கரைசலிலிருந்து பூசிய பெரோவ்ஸ்கைட் படலத்தில் 3 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையகலத்தை, அதாவது உணரி பின்தொடரக்கூடிய அதிர்வெண் எல்லையை, காட்டினார்கள். அது, சைகை தாழ்ந்த மட்டத்திலிருந்து உச்சத்துக்கு ஏற எடுக்கும் எழு நேரமாகச் சொன்னால், ஏறத்தாழ 0.12 மைக்ரோவிநாடிக்குச் சமம். 2020இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான அரைக்கோளச் செயற்கைக் கண்ணில் இருந்ததும் இதே குடும்பப் பொருளின் நானோகம்பிகள்தான்; ஆனால் அவற்றுக்கு முன்பக்க மின்தொடர்பாக அமைந்தது ஓர் அயனித் திரவம், துலங்கல் நேரமோ ஏறத்தாழ 20 மில்லிவிநாடி. ஒரே குடும்பப் பொருளின் வேகம் லட்சம் மடங்குக்கு மேல் மாறுபடுகிறது என்றால், அதைத் தீர்மானிப்பது படிகத்தின் பெயர் அன்று, அதைச் சுற்றி நாம் கட்டும் கருவிதான் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே, கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன், அது எந்தக் கால அளவில் வெளிப்படுகிறது என்று பார்ப்பதே சரியான தொடக்கம். மைக்ரோவிநாடிகளில் தெரியும் மந்தம் பெரும்பாலும் மின்சுற்றுக்குரியது. மில்லிவிநாடிகளில் நீளும் வால், மின்னூட்டங்களைப் பிடித்து வைக்கும் பொறிகளுக்குரியது. விநாடிகளிலும் நிமிடங்களிலும் நகரும் அடிக்கோடு (துடிப்பு இல்லாதபோது சைகை நிற்கும் மட்டம்) அயனிகளுக்கும் வெப்பத்துக்கும் உரியது. நாள்களிலும் வாரங்களிலும் நிகழும் சரிவு வேதியியலுக்குரியது. இந்த நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் நல்ல படிகங்கள் குப்பைக்குப் போகின்றன.

தொடங்குவதற்கு முன்

கணக்குகள் தெளிவாக இருப்பதற்காக, ஒரு குறிப்பிட்ட அமைப்பை இந்த வழிமுறை முழுவதும் எடுத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகடு நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழல்கிறது. அதன் விளிம்பு விநாடிக்கு 31.4 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. விளிம்பில் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு வெட்டு இருக்கிறது. தகட்டின் ஒரு பக்கத்தில் எல்.இ.டி.க்கள், மறுபக்கத்தில் இரண்டு பிளவுகள், ஒவ்வொரு பிளவுக்குப் பின்னும் ஓர் உணரி. பிளவுகளுக்கு இடையே விளிம்பு நெடுக 20 மில்லிமீட்டர் தூரம். வெட்டு ஒரு பிளவைக் கடக்க ஏறத்தாழ 318 மைக்ரோவிநாடி ஆகும். ஒரு பிளவிலிருந்து மறுபிளவுக்குச் செல்ல 637 மைக்ரோவிநாடி ஆகும். உண்மையில் நீங்கள் அளக்கப்போவது விழும் குண்டாக இருக்கலாம், பட்டையில் விரையும் பொட்டலமாக இருக்கலாம். ஆனால் வேகம் முன்கூட்டியே தெரிந்த ஒரு சுழல்தகட்டில் உணரியைச் சோதித்த பிறகே அவற்றுக்குச் செல்ல வேண்டும்.

சாட்சியாக ஒரு சிலிக்கான் ஒளி டையோடு அவசியம். எளிதில் கிடைக்கும் பிபிடபிள்யூ34 போதும். ஐயம் எழும்போதெல்லாம் பெரோவ்ஸ்கைட் உணரியைக் கழற்றி, அதே இடத்தில், அதே சுற்றில் சிலிக்கானை வைத்துப் பாருங்கள். கோளாறு அப்படியே தொடர்ந்தால் படிகம் குற்றமற்றது. சில இடங்களில் இந்தச் சாட்சி நம்மைத் தவறாக வழிநடத்தும். அவற்றில் ஒன்று முதல் அறிகுறியிலேயே வருகிறது.

அறிகுறி: ஒளி விழுந்தும் சைகையே இல்லை

சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒளிவாயில் தொகுதிகளில் (எல்.இ.டி.யும் உணரியும் எதிரெதிரே பொருத்தியவற்றில்) பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி.தான் இருக்கும். சிலிக்கான் அதை நன்றாகப் பார்க்கும். கைப்பேசிக் கேமராவும் பல வேளைகளில் அதைக் காட்டும். பெரோவ்ஸ்கைட் பார்க்காது. மீத்தைல் அம்மோனியம் ஈய அயோடைடின் ஆற்றல் இடைவெளி (ஒளி மின்னூட்டத்தை விடுவிக்கத் தேவையான குறைந்த ஆற்றல்) ஏறத்தாழ 1.6 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், அதன் பார்வை 800 நானோமீட்டருக்கு அருகே முடிந்துவிடுகிறது. புரோமைடின் இடைவெளி ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட். அதன் மென்படலம் 550 நானோமீட்டரைத் தாண்டி எதையும் காணாது. எனவே சிலிக்கானில் சைகை வந்து பெரோவ்ஸ்கைட்டில் வராதபோது, உணரி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் எல்.இ.டி.யின் அலைநீளத்தைப் பாருங்கள். அயோடைடுக்கு 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பும், புரோமைடுப் படலத்துக்கு 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சையும் பொருந்தும். ஈயத்தோடு வெள்ளீயம் கலந்த பெரோவ்ஸ்கைட்டுகள் 1,000 நானோமீட்டர் வரை பார்க்கும் என்பது உண்மை. ஆனால் வெள்ளீயம் காற்றில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுவிடும். ஓர் எல்.இ.டி.யை மாற்றினால் தீரும் சிக்கலுக்காகப் படிகத்தையே மாற்ற வேண்டியதில்லை.

அலைநீளம் பொருந்தியும் சைகை மிகப் பலவீனமாக இருக்கிறது, கையில் இருப்பதோ ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிமனுள்ள ஒற்றைப்படிகம் என்றால், காரணம் வேறு. நீல ஒளி படிகத்தின் மேற்பரப்பிலேயே, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில், முழுவதும் உட்கவரப்படுகிறது. அங்கே பிறக்கும் மின்னூட்டங்கள் மேற்பரப்புக் குறைகளில் சிக்கி, எதிர் முனையை அடையும் முன்பே மீளிணைந்து மறைந்துவிடுகின்றன. ஆற்றல் இடைவெளியின் விளிம்பை ஒட்டிய ஒளி மட்டுமே படிகத்துக்குள் ஆழமாக ஊடுருவிப் பயனுள்ள மின்னோட்டத்தைத் தருகிறது. 2015இல் இந்த விளைவையே பயன்படுத்தி, குறுகிய நிறப்பட்டையை மட்டும் உணரும் கருவிகளை உருவாக்கிக் காட்டினார்கள். வேண்டுமென்றே அமைத்தால் இது வரம், தெரியாமல் அமைந்தால் கோளாறு. தடித்த புரோமைடுப் படிகத்தை 450 நானோமீட்டர் நீல எல்.இ.டி.யால் சோதித்துவிட்டு அதைத் தள்ளிவைத்தவர்கள், 550க்கும் 580க்கும் இடைப்பட்ட மஞ்சள்பச்சை ஒளியில் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒளியில் சைகை உயர்ந்தால் படிகத்தின் உட்புறம் நல்லது, மேற்பரப்புதான் கெட்டது என்று பொருள். மெருகேற்றுவதும், மேற்பரப்புக் குறைகளை வேதிப்பூச்சால் அடைப்பதும் பயன் தரும்.

இரண்டுமே காரணம் இல்லையென்றால் மட்டும் மின்தொடர்புகளைப் பாருங்கள். டையோடு வகை உணரியில் முனைகள் மாறியிருந்தால் முன்னோக்குச் சார்பில், அதாவது டையோடு எளிதில் கடத்தும் திசையில், பெருமின்னோட்டம் பாய்ந்து ஒளியின் பங்கை மூடிவிடும்.

அறிகுறி: சைகை வருகிறது, ஆனால் அதன் எழுச்சி சாய்ந்து கிடக்கிறது

மிகுதியாக வரும் முறையீடு இதுதான். மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். சதுரமாக வர வேண்டிய துடிப்பு மலைச்சரிவு போல வருகிறது. வேகம் கூடக் கூட உச்சம் தாழ்ந்து, இறுதியில் இரைச்சலில் கரைந்துவிடுகிறது.

முதலில் தகட்டின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். எழு நேரம் சரியாக இரு மடங்கானால் மின்சுற்றையும் படிகத்தையும் தொடவே வேண்டாம். சாய்வு ஒளியியலில் இருக்கிறது. வெட்டின் விளிம்பு ஒளிக்கற்றையைக் கடக்கும் நேரம்தான் உங்கள் எழு நேரம். கற்றை 3 மில்லிமீட்டர் அகலமாக இருந்தால், உலகின் மிக விரைவான உணரியும் 95 மைக்ரோவிநாடி சாய்வைத்தான் காட்டும். பிளவை 0.5 மில்லிமீட்டராகக் குறுக்கினால் அது 16 மைக்ரோவிநாடியாகும். ஒளி குறையும், உண்மைதான்; அதற்கு ஈடாகக் கற்றையை ஒரு வில்லையால் பிளவின் மீது குவிக்க வேண்டும், பிளவை மீண்டும் அகலப்படுத்தக் கூடாது.

வேகத்தை மாற்றியும் எழு நேரம் மாறவில்லை என்றால் மந்தம் மின்னியலில் இருக்கிறது. இப்போது தகட்டை நிறுத்திவிட்டு, எல்.இ.டி.யைச் சதுர அலையால் இயக்கி, மூன்று காரணிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சுமைத் தடையை மாற்றும்போது எழு நேரம் அதே விகிதத்தில் மாறினால், குற்றவாளி மின்தடையும் மின்தேக்குத்திறனும் சேர்ந்த கால மாறிலி. சார்பு மின்னழுத்தத்தை (உணரிக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மின்னழுத்தத்தை) கூட்டும்போது எழு நேரம் குறைந்தால், மின்னூட்டங்கள் படிகத்தைக் கடக்க எடுக்கும் நேரம். ஒளியின் செறிவைக் கூட்டும்போது குறைந்தால் பொறிகள். அவற்றைப் பற்றி அடுத்த அறிகுறியில் பார்ப்போம். எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல் படிகம் மந்தமானது என்று எழுதப்பட்ட எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை.

முதல் காரணத்தை எண்களால் பார்ப்போம். பெரோவ்ஸ்கைட்டின் மின்காப்பு எண் உயர்வானது. அயோடைடுக்கு 30 என்று கொள்ளலாம். 500 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 53 நானோஃபாரட் மின்தேக்குத்திறன் இருக்கும். சூரிய மின்கல ஆய்வுக்காகத் தயாரித்த, 10 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள மாதிரியை அப்படியே உணரியாகப் பயன்படுத்தினால் அது 5.3 நானோஃபாரட். அதை, மின் சைகையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் 1 மெகாஓம் உள்ளீட்டில் நேராக இணைத்தால் கால மாறிலி 5.3 மில்லிவிநாடி! நம் வெட்டு கடந்து செல்லும் 318 மைக்ரோவிநாடியைப் போல் பதினாறு மடங்குக்கும் மேல். படிகம் நானோவிநாடிகளில் தன் வேலையை முடித்துவிட்டது. காத்திருப்பதெல்லாம் அந்த ஒரு மெகாஓமுக்காகத்தான். அதே உணரியை 50 ஓமில் முடித்தால் எழு நேரம் 0.6 மைக்ரோவிநாடிக்குக் குறைகிறது. பரப்பை 1 சதுர மில்லிமீட்டராகக் குறைத்தால் 60 நானோவிநாடிக்கு அருகே வந்துவிடுகிறது. மெகாஓம் இணைப்பில் இன்னொரு தீங்கும் உண்டு: 1 மைக்ரோஆம்பியர் ஒளிமின்னோட்டமே 1 வோல்ட்டை உருவாக்க முயல்வதால், டையோடு தன்னைத்தானே முன்னோக்குச் சார்புக்குள் தள்ளிக்கொள்கிறது, துடிப்பின் தலை தட்டையாகி, ஒளிக்கும் சைகைக்கும் உள்ள நேர்விகிதம் குலைகிறது.

50 ஓம் இணைப்பில் சைகை மிகச் சிறியதாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். 0.3 மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் 50 ஓமில் 15 மைக்ரோவோல்ட்டை மட்டுமே தருகிறது. அது ஆசிலோஸ்கோப்பின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஆகவே மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஆப்-ஆம்ப் (செயல்பாட்டுப் பெருக்கி) சுற்றே நடைமுறைத் தீர்வு. 100 கிலோஓம் பின்னூட்டத் தடையும், 10 மெகாஹெர்ட்ஸ் பெருக்கப் பட்டையகலப் பெருக்கலும் (பெருக்கத்தையும் பட்டையகலத்தையும் பெருக்கி வரும் எண்) உடைய ஆப்-ஆம்ப், 1 சதுர மில்லிமீட்டர் பரப்பின் 530 பிகோஃபாரட் உணரியுடன் ஏறத்தாழ 170 கிலோஹெர்ட்ஸ் வரை செயல்படும். எழு நேரம் 2 மைக்ரோவிநாடி. நம் தேவைக்குத் தாராளம். சுற்றை உணரிக்கு அருகிலேயே வையுங்கள். இணையச்சு வடத்தின் ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ 100 பிகோஃபாரட்டைக் கூட்டும்.

மின்தேக்குத்திறனை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. கைக்கருவிகளின் 100 ஹெர்ட்ஸ் அளவீட்டில் படிகத்துக்குள் நகரும் அயனிகளும் பங்கேற்பதால், உண்மையைவிடப் பெரிய மதிப்பு வரக்கூடும். 100 கிலோஹெர்ட்ஸில், இருளில் அளந்த மதிப்பையே கணக்குக்குக் கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணமான கடப்பு நேரம் தடித்த படிகங்களுக்கே உரியது. மின்னூட்டம் மின்புலத்தில் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் காட்டும் இயக்க எண், ஒரு வோல்ட் விநாடிக்கு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், 1 மில்லிமீட்டர் படிகத்தை 10 வோல்ட்டில் கடக்க 10 மைக்ரோவிநாடி ஆகும். 100 வோல்ட் கொடுத்தால் 1 மைக்ரோவிநாடி. ஆனால் உயர்ந்த மின்னழுத்தம் அயனிகளையும் இழுத்துக்கொண்டு போகும். கடப்பு நேரம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது என்பதால், படிகத்தை 0.2 மில்லிமீட்டராக மெலிதாக்குவதே நல்ல வழி. அதே 10 வோல்ட்டில் நேரம் 0.4 மைக்ரோவிநாடியாகிவிடும்.

அறிகுறி: துடிப்பின் மேல் நடுங்கும் சிற்றலைகள்

மேற்சொன்ன சுற்றைக் கட்டியவுடன் பலர் காண்பது இதை. உணரியின் மின்தேக்குத்திறன் சிலிக்கானைவிட மிகுதி என்பதால் ஆப்-ஆம்ப் நிலைகுலைகிறது. பின்னூட்டத் தடைக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கியைச் சேருங்கள். மேற்கண்ட மதிப்புகளுக்கு 10 பிகோஃபாரட் போதும். சிற்றலைகள் அடங்காவிட்டால் சற்றுக் கூட்டுங்கள். சிலிக்கான் சாட்சியுடன் சிற்றலை இல்லை, பெரோவ்ஸ்கைட்டுடன் மட்டும் இருக்கிறது என்பது படிகத்தின் குறை அன்று. பிபிடபிள்யூ34இன் 70 பிகோஃபாரட்டுக்காக அமைத்த சுற்றில் அதைப் போல் பல மடங்கை நீங்கள் இணைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அறிகுறி: விரைவாக எழுகிறது, ஆனால் நீண்ட வாலுடன் விழுகிறது

ஒளி நின்ற பிறகும் மின்னோட்டம் முழுமையாக நிற்பதில்லை. முதலில் ஒரு செங்குத்தான வீழ்ச்சி, பிறகு மில்லிவிநாடிக் கணக்கில் தேயும் ஒரு வால். தகட்டில் ஒரே ஒரு வெட்டு இருக்கும்வரை இது தொல்லை தருவதில்லை. விளிம்பு முழுவதும் ஐம்பது வெட்டுகள் இருந்தால், ஒளி 100 மைக்ரோவிநாடி, இருள் 100 மைக்ரோவிநாடி என மாறி மாறி வரும். முந்தைய துடிப்பின் வால் முடியும் முன் அடுத்த துடிப்பு அதன் மேல் ஏறிக்கொள்ள, அடிக்கோடு படிப்படியாக உயர்ந்து துடிப்புகளின் உயரம் சுருங்கும்.

இது பொறிகளின் வேலை. படிகத்தின் குறைகளில் சிக்கிய மின்னூட்டங்கள் வெப்ப ஆற்றலால் மெல்ல மெல்லத்தான் விடுபடுகின்றன. ஒளிக்கடத்தி வகை உணரிகளில், அதாவது ஒரே பரப்பில் இரண்டு உலோகப் பட்டைகளை மட்டும் வைத்து மின்னழுத்தம் கொடுக்கும் எளிய அமைப்பில், இந்த வால் மிக மோசமாக இருக்கும். சிக்கிய மின்னூட்டம் இருக்கும்வரை எதிர்வகை மின்னூட்டம் சுற்றிச் சுற்றிப் பாய்வதால் சைகை பெருக்கமடைகிறது. அந்தப் பெருக்கத்துக்காக நாம் கொடுக்கும் விலைதான் வேகம். ஒரு வாட்டுக்குப் பல ஆம்பியர்கள் என்று பெருமையோடு சொல்லப்படும் ஒளிக்கடத்தியை வேக அளவீட்டுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். டையோடு அமைப்பில் உணர்திறன் குறைவாக இருந்தாலும் அதுவே இந்த வேலைக்கு உரியது.

இருக்கும் உணரியை மாற்ற முடியாதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அளக்கும் ஒளியோடு கூடவே மாறாத ஒரு மெல்லிய பின்புல ஒளியை உணரியின் மீது விழச் செய்வது. அது பொறிகளை எப்போதும் நிரம்பிய நிலையில் வைத்திருப்பதால், துடிப்பு ஒளி உருவாக்கும் மின்னூட்டங்கள் சிக்குவது குறைகிறது. வால் கண்கூடாகச் சுருங்கும். பின்புல ஒளியின் எல்.இ.டி.யை மின்கலத்தால் இயக்குங்கள், இல்லையென்றால் மின்வழங்கியின் அதிர்வு சைகைக்குள் வந்துவிடும். மற்றொன்று, அளவீட்டின் முறையையே திருப்புவது. ஒளிக்கற்றையைப் பொருள் மறைக்கும்போது நேரத்தைக் குறிக்கும் வழக்கமான அமைப்பு, உணரியின் மிக மந்தமான பகுதியான வீழ்ச்சியை நம்பியிருக்கிறது. அதற்குப் பதிலாக, பொருளின் பின்விளிம்பு விலகி ஒளி மீண்டும் விழும் கணத்தைக் குறியுங்கள், அல்லது எல்.இ.டி.யையும் உணரியையும் ஒரே பக்கத்தில் வைத்து, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியைப் பிடியுங்கள். இருளிலிருந்து ஒளிக்கு மாறும் எழுச்சியே இந்த உணரிகளில் நம்பத்தக்க விளிம்பு.

அறிகுறி: அடிக்கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை

மின்னழுத்தம் கொடுத்த உடனே இருள் மின்னோட்டம் (ஒளி இல்லாதபோதும் பாயும் மின்னோட்டம்) ஒரு மதிப்பில் இருக்கிறது, சில நிமிடங்களில் வேறொன்றாகிறது, மின்னழுத்தத்தின் திசையை மாற்றினால் முற்றிலும் வேறாகிறது. இந்தப் படிகங்களில் ஹாலைடு அயனிகள் காலியிடங்கள் வழியே நகரக்கூடியவை. மின்புலம் இருக்கும்வரை அவை முனைகளை நோக்கிச் சென்று குவிந்து, உள்ளேயுள்ள புலத்தையே மாற்றி அமைக்கின்றன. இதை முழுவதும் தடுக்க இயலாது. அளவீட்டைப் பாதிக்காமல் வைத்துக்கொள்ளலாம். நிலையான மின்முனைகளுடைய டையோடானால் சார்பு மின்னழுத்தமே இல்லாமல், பூச்சிய வோல்ட்டில் இயக்குங்கள். மின்னழுத்தம் தேவைப்பட்டால் அதே திசையில், அதே அளவில் வைத்து, இருள் மின்னோட்டம் அமரும்வரை காத்திருந்து பிறகு தொடங்குங்கள். அளவீட்டின் நடுவே அதை மாற்றாதீர்கள். சைகையை 5 ஹெர்ட்ஸ் வெட்டு அதிர்வெண்ணுள்ள மின்தேக்கி இணைப்பு வழியே எடுத்தால், விநாடிக் கணக்கிலான நகர்வு மறைந்துவிடும். நம் 318 மைக்ரோவிநாடித் துடிப்போ 1 விழுக்காடு மட்டுமே சரியும்.

நகர்வு மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகே வருகிறது என்றால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். அயோடைடுப் படிகம் ஏறத்தாழ 54 முதல் 57 டிகிரி செல்சியஸுக்குள் நாற்கோண அமைப்பிலிருந்து கனசதுர அமைப்புக்கு மாறுகிறது. மோட்டாரின் உடலோடு ஒட்டிப் பொருத்திய உணரி அந்த வெப்பநிலையை எட்டுவது அரிதன்று. உணரியைத் தனித் தாங்கியில் நிறுத்துங்கள்.

அறிகுறி: ஒளியை மறைத்தாலும் துடிப்புகள் வருகின்றன

பிளவைக் கறுப்பு நாடாவால் முழுவதும் மூடிவிட்டுத் தகட்டைச் சுழற்றுங்கள். துடிப்பு இன்னும் இருந்தால் அது ஒளி அன்று. மோட்டாரை இயக்கும் துடிப்பகலக் கட்டுப்பாட்டுச் சுற்றின் மின்புலம், உயர் தடையுள்ள உணரிக் கம்பியில் நேரடியாகத் தொற்றுகிறது. உணரியையும் ஆப்-ஆம்பையும் ஒரே உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சுற்றின் பொதுமுனையோடு ஒரே ஓர் இடத்தில் மட்டும் இணைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மோட்டாரின் கம்பிகளை முறுக்கி, தள்ளி வையுங்கள்.

நாடாவால் மூடினால் மறைந்து, மோட்டாரை நிறுத்தினாலும் வரும் துடிப்பானால் அது அறையின் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. நம் தகடும் விநாடிக்கு 100 முறை சுழல்வதால், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்து, உண்மைச் சைகை போலவே ஆசிலோஸ்கோப்பில் அசையாமல் நிற்கும். இதை மின்வடிகட்டியால் நீக்க முயல வேண்டாம். 100 ஹெர்ட்ஸை அறுக்கும் வடிகட்டி 318 மைக்ரோவிநாடித் துடிப்பின் வடிவத்தையும் சிதைக்கும். அமைப்பைக் கறுப்புப் பெட்டியால் மூடுங்கள், அல்லது சோதனையின்போது தகட்டின் வேகத்தை 5,500 சுற்றுகளுக்கு மாற்றி, எது நகர்கிறது, எது நிற்கிறது என்று பிரித்தறியுங்கள்.

அறிகுறி: துடிப்புகள் அழகாக இருக்கின்றன, வேகம் மட்டும் தவறு

கணக்கிட்ட வேகம் தகட்டின் உண்மை வேகத்தைவிட எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகுகிறது என்றால், உணரிகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றுங்கள். மிகையாக இருந்தது குறைவாக மாறினால் உணரிகள் ஒரே வேகத்தில் துலங்கவில்லை. பிசகு மாறாமல் நின்றால் பிளவுகளின் இடைவெளியைத் தவறாக அளந்திருக்கிறீர்கள். 20 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர் தவறினால் 2.5 விழுக்காடு போய்விடும். அதைத் தகட்டின் தெரிந்த வேகத்தைக் கொண்டே திருத்திக்கொள்ளலாம்.

உணரிகள்தான் காரணம் என்றால், அவற்றின் எழு நேரத்தைப் பொருத்துவதைவிட நேரத்தைக் குறிக்கும் முறையைத் திருத்துவது மேல். நிலையான வோல்ட் அளவைத் தாண்டும் கணத்தைக் குறித்தால், உயரமான துடிப்பு முன்பாகவும் தாழ்ந்த துடிப்பு பின்பாகவும் அதைத் தாண்டும். கரைசலில் வளர்த்த இரண்டு படிகங்கள் ஒரே உயரத்தில் சைகை தருவது அரிது. 10 மைக்ரோவிநாடி வேறுபாடே நம் அமைப்பில் 1.6 விழுக்காடு பிழை. ஒவ்வொரு துடிப்பிலும் அதன் சொந்த உச்சத்தில் பாதியைத் தொடும் கணத்தைக் கணினியில் கண்டறிந்து குறித்தால், உயர வேறுபாட்டால் வரும் இந்தப் பிழை நீங்கும்.

அறிகுறி: நேற்று இருந்த சைகை இன்று இல்லை

நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்த அயோடைடுப் படலம் ஓரங்களிலிருந்து மஞ்சளாகிறது என்றால் ஈரம் நுழைந்து, ஈய அயோடைடு பிரிந்துவிட்டது. அதை மீட்க வழியில்லை. நிறம் வெளிறத் தொடங்கிய தொடக்கநிலை நீரேற்றம் மட்டும் உலர்ந்த காற்றில் ஓரளவு திரும்பக்கூடும். ஃபார்மமிடினியம் வகையாக இருந்தால், மஞ்சள் நிறம் சிதைவாக இல்லாமல் கட்டமைப்பு மாற்றமாகவும் இருக்கலாம். 150 டிகிரியில் சூடாக்கினால் கறுப்பு நிலை திரும்பும், ஆனால் மின்முனைகள் பூசிய பிறகு அந்த வெப்பத்தை முழுக் கருவியும் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கண்ணாடியும் எப்பாக்ஸியும் கொண்டு நான்கு ஓரங்களையும் மூடுவது தொடக்கத்திலேயே செய்ய வேண்டிய வேலை. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் நெடுநாள் இயங்க வேண்டிய கருவிக்கு நான் சீசியம் ஈய புரோமைடையே தேர்ந்தெடுப்பேன். பச்சைக்கு அப்பால் அது பார்க்காது என்றாலும், வெப்பத்தையும் ஈரத்தையும் அது தாங்கும் அளவுக்கு மீத்தைல் அம்மோனியம் வகைகள் தாங்குவதில்லை.

படலம் கறுப்பாகவே இருந்து வெள்ளி மின்முனை மட்டும் நிறம் மாறியிருந்தால், அயோடைடு அயனிகள் அதை அடைந்து வெள்ளி அயோடைடாக மாற்றிவிட்டன. தங்கமோ கார்பனோ இதற்கு மாற்று. அயோடைடும் புரோமைடும் கலந்த படிகத்தில், வலிமையான ஒளியின் கீழ் சைகை மெல்ல மாறி, இருளில் வைத்தால் மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது என்றால், ஒளியால் இரண்டு ஹாலைடுகளும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிகின்றன. 2015இல் விவரிக்கப்பட்ட இந்த நிகழ்வுக்குப் பழுதுபார்ப்பு இல்லை. எல்.இ.டி.யின் செறிவைக் குறையுங்கள், அல்லது ஒரே ஹாலைடு கொண்ட படிகத்துக்கு மாறுங்கள்.

கெட்டுப்போன உணரியைச் சுரண்டவோ, உடைக்கவோ, கழுவித் தொட்டியில் ஊற்றவோ கூடாது. ஈய உப்புகள் நீரில் கரைந்து செல்லக்கூடியவை. கையுறை அணிந்து, மூடியுள்ள கலத்தில் இட்டு, ஈயக் கழிவு என்று எழுதி, ஆய்வகத்தின் அபாயக் கழிவுகளோடு ஒப்படையுங்கள்.